அவள் சாப்பிட்ட அத்தியாயம்

நாவல் படிக்கத் தெரியாதவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. படிக்கத் தெரியாமலே நாவலைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள்தான் என் வாழ்க்கையில் குறுக்கே வந்தார்கள். சித்தூரில் அவர்களுக்குத் தலைவராக ஒரு வக்கீல் இருந்தார்.

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்து, சித்தூர் ஜில்லாவும் அதோடு போய், இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. எந்த ஊர் யாருக்கு என்று இரண்டு பக்கத்துக்காரர்களும் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லையைத் தீர்த்துவைக்கக் கமிஷன் வரப்போகிறது என்று பேச்சு. காய்கறிக்காரியிடம் தமிழில் விலை கேட்டுத் தெலுங்கில் பேரம் பேசி, மறுபடி தமிழில் திட்டிவிட்டு வரும் ஊரில், திடீரென்று எல்லாரும் தாங்கள் எந்த மொழிக்காரர்கள் என்று மார்பைத் தட்டிச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

நான் அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் ஆசிரியை. எங்கள் குடும்பம் திருப்பதியில் கோவில் கைங்கரியத்தில் இருந்த வைஷ்ணவக் குடும்பம். அப்பா போனபிறகு அண்ணா மலைமேல் பிரபந்த கோஷ்டியில் நின்று பாசுரம் சேவித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆயிற்று. கணவர் காஞ்சிபுரத்தில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. பதினோரு மாதம் அவரோடு இருந்தேன். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன்.

அவர் என்னை அடிக்கவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்தப் பதினோரு மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "ஆச்சா?" காபி ஆச்சா, சமையல் ஆச்சா, வேஷ்டி உலர்த்தியாச்சா. வேறு ஒரு வாக்கியம் எங்களுக்குள் பிறக்கவே இல்லை. ஒரு நாள் காலை அவர் "ஆச்சா?" என்று கேட்டபோது "ஆச்சு" என்று சொன்னேன். அவர் ஆபீசுக்குப் போனதும் கிளம்பினேன். ஊரார் எனக்காக ஓர் அடியையும் ஒரு சூட்டுக்கோலையும் கற்பித்துக்கொண்டார்கள். அடிபடாத ஒருத்தி எதற்காகக் கிளம்புவாள் என்பது அவர்களுக்குப் புரியாத கணக்கு.

சித்தூரில் ஓர் அச்சாபீஸ் மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இலக்கிய வட்டம் கூடும். அச்சாபீஸ்காரர் காரியதரிசி, வக்கீல் தலைவர், இன்னும் ஏழெட்டுப் பேர். பெண்கள் யாரும் போவதில்லை. ஒரு நாள் வக்கீலும் அச்சாபீஸ்காரரும் என் பள்ளிக்கே வந்துவிட்டார்கள். தலைமை ஆசிரியை அறையில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

வக்கீல் ஒரு நோட்டைத் திறந்து காட்டினார். பக்கத்தை மூன்றாகக் கோடு கிழித்து, கதாபாத்திரம், கருப்பொருள், சமூகப் பின்னணி என்று தலைப்புப் போட்டிருந்தார்.

"நாவலை இப்படி மூணாப் பிரிச்சு எடுத்துட்டா, அது நம்ம கைக்குள்ள வந்துடும், டீச்சரம்மா" என்றார். ஆட்டை உரித்துத் தொங்கவிடுகிறவர் தொடை இங்கே, ஈரல் அங்கே என்று சொல்வதுபோல இருந்தது.

அவர் பிரித்துவைத்திருந்தது அந்த நாட்களில் எல்லாரும் படித்த ஒரு தொடர்கதையை. புத்தூர்ப் பக்கத்தில் பிறந்து மதராசில் குடியேறிய ஓர் எழுத்தாளர் வாரப் பத்திரிகையில் எழுதி, அது புத்தகமாகவும் வந்திருந்தது. நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி. புருஷன் குடிப்பான், அடிப்பான். கடைசியில் அவள் வீட்டைவிட்டுக் கிளம்பி நகரி ஸ்டேஷனுக்கு நடந்தே போய் ரயிலேறுகிறாள். அதோடு கதை முடிகிறது.

வக்கீலின் யோசனை இதுதான். கமிஷனுக்கு மகஜர் கொடுக்கப் போகிறார்கள். ஜனத்தொகைக் கணக்கு மட்டும் இருந்தால் அது வறட்சியாக இருக்கும். எல்லைப் பகுதியின் பண்பாடே தமிழ்ப் பண்பாடு என்று காட்ட வேண்டும். அதற்கு இந்த நாவலை ஆராய்ந்து, நாயகியின் குணம் தமிழ்க் குணம் என்று நிரூபித்து, மகஜரோடு இணைப்பாகக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எழுத்தாளரையே அழைத்து ஒரு பொதுக்கூட்டம்.

"நாயகியைப் பத்தி ஒரு பெண் பேசினாத்தான் எடுபடும்" என்றார் வக்கீல்.

"நான் பேசுகிறேன். ஆனால் அவள் மாமியாரோடு பேசுவதெல்லாம் தெலுங்குதானே? எழுத்தாளர் நடுநடுவே அப்படியே எழுதியிருக்கிறாரே?" என்று கேட்டேன்.

வக்கீல் அச்சாபீஸ்காரரைப் பார்த்தார். அச்சாபீஸ்காரர் சொன்னார்: "மேற்கோள் எடுக்கும்போது அந்த வரியையெல்லாம் விட்டுடலாம்மா. எடம் மிச்சம்."

படியிறங்கும்போது அவர் மட்டும் பின்தங்கி, குரலைத் தணித்துக்கொண்டு, "உங்களுக்கும் நல்லதுதாம்மா. நீங்க மேடையில நின்னு ஒரு பத்தினியைப் பத்திப் பேசிட்டா, ஊர்ல பேசறவங்க வாயெல்லாம் அடைஞ்சிடும்" என்றார்.

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். சில பேருடைய அன்பை வாங்கிக்கொண்டபிறகு கை கழுவ வேண்டியிருக்கிறது. ஆனால் நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஏன் என்று இத்தனை வருஷம் கழித்து மழுப்ப வேண்டியதில்லை: எனக்கு அந்த மேடைமேல் ஆசை இருந்தது. ஏழு வருஷமாக முப்பது பெண்களுக்கு எதுகை மோனை சொல்லிக்கொடுத்து அலுத்துப்போனவளுக்கு, நானூறு பேர் எதிரில் ஒரு நாவலைப் பற்றிப் பேச ஆசை இருக்காதா?

அன்றிரவே புத்தகத்தை மறுபடி எடுத்தேன். பெரிய நாவல் ஒன்றுமில்லை. பாதிக்குமேல் வெறும் அழுகை. வாரம் ஒரு கண்ணீர் என்று ஒப்பந்தம் போட்டு எழுதினதுபோல் இருக்கும். ஆனால் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் மூன்று பக்கம் இருக்கிறது. நாயகி சமைத்துவிட்டுப் புருஷனுக்காகக் காத்திருக்கிறாள். வெயில் ஏறுகிறது. அவன் வரவில்லை. அவள் எழுந்து, தனக்கே ஒரு தட்டு வைத்துக்கொண்டு, சோறு போட்டு, கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறாள். நிதானமாகச் சாப்பிடுகிறாள். மறு சோற்றுக்கு மோர். ஊறுகாய். தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறாள். மிச்சச் சோற்றை மூடிவைக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறாள். அந்த மூன்று பக்கத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

அதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தமிழ்க் கதைகளில் பெண்கள் சமைத்துப் பார்த்திருக்கிறேன், பரிமாறிப் பார்த்திருக்கிறேன், பட்டினி கிடந்து பார்த்திருக்கிறேன். ஒருத்தி முதலில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. சித்தூரில் அந்த நாவலைப் படித்ததாகச் சொன்ன அத்தனை பேரிடமும் கேட்டேன். ஒருவருக்கும் அப்படி ஓர் இடம் இருந்ததே நினைவில்லை.

இந்தச் சமயத்தில் படம் வந்தது. மதராசில் ஒரு கம்பெனி அந்த நாவலை வாங்கி, ஒரே செட்டில் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்திருந்தது. சித்தூரில் தமிழ்ப் படம் ஓடியது. எங்கள் பள்ளியில் மணியடித்துத் தண்ணீர் எடுத்துவைக்கும் ஒரு நகரிக்காரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பகலாட்டத்துக்குப் போனேன். பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் இடம் கிடைத்தது.

படத்தில் அவள் சாப்பிடவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டு அழுதாள். ஸ்டேஷனுக்கும் போகவில்லை. திருத்தணி மலைப்படி ஏறி, முருகன் முன்னால் ஒரு பாட்டுப் பாடினாள். பாட்டு முடிகிறபோது புருஷன் திருந்திப் பின்னால் வந்து நின்றான். அவள் திரும்பி அவன் காலில் விழுந்தாள். அடித்தவன் நிற்க, அடிபட்டவள் மன்னிப்புக் கேட்டு முடிந்தது.

நகரிக்காரி முதல் ரீலிலிருந்தே அழுதுகொண்டிருந்தாள். வெளியே வரும்போதும் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

"நல்லா கீது டீச்சர். மனசே கலங்கிப் போச்சு" என்றாள்.

நான் அவளுக்குப் புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். புருஷன் வருமுன் சாப்பிட்டாள், ரயிலேறிப் போனாள் என்று.

"அய்யே! துன்னுட்டுப் போய்க்கினே இருந்தாளா? அப்பிடி எடுத்தா யாரு வந்து பாப்பாங்க?" என்று சிரித்தாள்.

ஏழைகள் பார்வையில் ஏதோ தனி வெளிச்சம் இருப்பதாக எழுதுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஏழைகளோடு படம் பார்த்ததில்லை. அவளுக்கும் வக்கீலுக்கும் அந்தப் படம் ஒரே அளவுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வாரம் திருப்பதிக்கு அண்ணா வீட்டுக்குப் போனேன். அண்ணா நான் கிளம்பிவந்த நாளிலிருந்து என்னோடு நேராகப் பேசுவதில்லை. மன்னி வழியாகத்தான் பேசுவார். நான் கூடத்தில் நிற்கும்போதே, "வந்திருக்கறவா ரெண்டு நாள் இருப்பாளான்னு கேளு" என்பார். மன்னி அதை அப்படியே என் பக்கம் திருப்பிச் சொல்வாள். நான் சொல்கிற பதிலை அவர் பக்கம் திருப்புவாள். மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்போம்.

மன்னியை அழைத்துக்கொண்டு தெலுங்குப் படத்துக்குப் போனேன். அதே நாயகி, அதே புடவை, அதே விளக்கு, அதே அழுகை. கடைசியில் மட்டும் அவள் திருத்தணிக்குப் போகவில்லை. திருமலை ஏறினாள். உற்றுப் பார்த்தால் படிகள் அதே படிகள். பின்னால் கட்டியிருந்த திரைச்சீலையில் கோபுரத்தை மட்டும் மாற்றி எழுதியிருந்தார்கள். முருகனுக்குப் பாடிய மெட்டிலேயே வெங்கடேசனுக்குப் பாடினாள். மன்னி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.

சித்தூருக்குத் திரும்பினபோது வக்கீல் தம் ஆராய்ச்சியை முடித்திருந்தார். நான் மேடையில் பேச வேண்டிய பேச்சையும் அவரே எழுதிக் கொண்டுவந்திருந்தார். நாலு பக்கம். அதில் நாயகி திருத்தணி மலையேறி, முருகனைத் தொழுது, கணவனின் காலடியில் சரணடைகிறாள். "தமிழ்ப் பெண் எத்தனை துன்பம் வந்தாலும் கொண்டவனை விட்டு விலகாள் என்பதே இந்நாவலின் கருப்பொருள்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"இது படத்தில் வருகிறது சார். நாவலில் அவள் ரயிலேறிப் போய்விடுகிறாளே" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு விநாடி ஏதோ ஓடியது. மனிதர் நாவலை முடிவுவரை படிக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மூலமும் படமும் ஒண்ணுதான், டீச்சரம்மா" என்றார். "படம் நாவலோட உள்ளர்த்தத்தைப் பிடிச்சிருக்கு. திருத்தணிங்கிறது நமக்கு முக்கியமில்லையா?"

"தெலுங்குப் படத்தில் அவள் திருப்பதிக்குப் போகிறாள்."

"அது கலப்படம்" என்றார், யோசிக்காமல்.

"அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?"

"எந்த இடம்?" என்று கேட்டுவிட்டு, உடனே சமாளித்துக்கொண்டு, "அதெல்லாம் குறியீடு. ஆன்மாவோட பசி" என்றார்.

கத்தரிக்காய்க் குழம்பும் ஊறுகாயும் ஆன்மாவின் பசிக்கு என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அதற்குமேல் நான் வாதம் பண்ணவில்லை. நாலு பக்கத்தையும் மடித்து வாங்கிக்கொண்டேன். என் கதை தெரிந்துதான் அந்த வாக்கியத்தை என் வாயில் வைத்தாரா, அல்லது என்னை ஓர் ஆளாகவே நினைக்காமல் எழுதினாரா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டாவதுதான் உண்மை என்று தோன்றுகிறது. கெட்ட எண்ணம் வைப்பதற்குக்கூட எதிராளியைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். அந்த மனிதருக்கு அந்தச் சிரமம் பழக்கமில்லை.

கூட்டம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. நல்ல கூட்டம். பெண்கள் பத்துப் பதினைந்து பேர் ஓரமாக ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடு நாற்காலியில் எழுத்தாளர் ரோஜா மாலையோடு இருந்தார். வட்ட முகம், பவுடர், ஜிப்பா. அரைமணிக்கு ஒரு தரம் வெற்றிலை. யார் எதைப் பேசினாலும் தலையாட்டினார். வக்கீல் முக்கால் மணி நேரம் மூன்று தலைப்புகளிலும் பேசிவிட்டு, "அடுத்ததாக ஒரு தமிழ்ச் சகோதரி நாயகியின் நெஞ்சத்தைத் திறந்துகாட்டுவார்" என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் அந்த நாலு பக்கத்தை மேஜைமேல் வைத்துவிட்டு மைக் முன்னால் போய் நின்றேன்.

"இந்த நாவலில் நாயகி கணவன் காலில் விழவில்லை. அது சினிமா" என்று ஆரம்பித்தேன். "அவள் மாமியாரோடு தெலுங்கில் பேசுகிறாள், அம்மாவோடு தமிழில் பேசுகிறாள். அவளை எந்த ராஜ்யத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியாது. அவள் என்ன செய்தாள் என்று மட்டும் தெரியும். அவள் சாப்பிட்டாள்."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். நான் அந்த மூன்று பக்கத்தையும் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னேன். சோறு, குழம்பு, மறு சோறு, மோர், தட்டைக் கழுவிக் கவிழ்த்தது. "இங்கே இருக்கிறவர்களில் யாராவது உங்கள் வீட்டுப் பெண் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "இந்த நாவலில் துணிச்சலான காரியம் ரயிலேறினது இல்லை. ஓடிப்போகிற பெண்கள் கதையில் எத்தனையோ பேர். இவள் ஓடவில்லை. பசியாறிவிட்டுக் கிளம்பினாள். தான் கிளம்புவதில் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்தவளுக்குத்தான் அந்த நேரத்தில் சோறு இறங்கும்."

பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து கத்தினான்: "நீயும் அப்பிடித்தானே ஓடியாந்தே?"

வக்கீல் எழுந்திருக்கவில்லை. அச்சாபீஸ்காரர் தரையைப் பார்த்தார். எழுத்தாளர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்" என்றேன். "ஆனால் நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு."

ஜமக்காளத்தில் ஒரு பெண் சட்டென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. மைக்கில் சத்தம் நின்றுபோனது. யார் நிறுத்தினார்கள் என்று தெரியாது. வக்கீல் எழுந்து, மைக் இல்லாமலே, "சகோதரி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்" என்றார். நான் இறங்கி என் நாற்காலிக்குப் போனேன். அப்போது எனக்கு இருந்தது பயம் இல்லை, வெட்கமும் இல்லை. நல்ல தாகம் மட்டும் இருந்தது. யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

கடைசியில் எழுத்தாளர் பேசினார். வக்கீல் சொன்னது முற்றிலும் சரி என்றார். சகோதரி சொன்னதும் ஒரு கோணத்தில் சரி என்றார். தமிழும் தெலுங்கும் தம் இரண்டு கண்கள் என்றார். பத்து நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்தபிறகு அவர் பந்தல் ஓரம் காருக்காக நின்றுகொண்டிருந்தார். நான் போய் வணங்கிவிட்டு, அந்தச் சாப்பாட்டு அத்தியாயத்தை எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். எனக்கு அதைக் கேட்காமல் போக மனம் வரவில்லை.

"எந்தச் சாப்பாடும்மா?"

"கடைசிக்கு முந்தின அத்தியாயம் சார். புருஷன் வருமுன் அவள் உட்கார்ந்து..."

"ஓ, அதுவா!" முகம் மலர்ந்தது. "அந்த வாரம் கதையை நகத்தறதுக்கு ஒண்ணுமே இல்லே. ஸ்டேஷனுக்கு அனுப்பிட்டா அடுத்த வாரம் எழுத ஒண்ணும் இருக்காது. மூணு பக்கம் குறைஞ்சுது. ஆபீஸ் பையன் மேட்டருக்காக வாசல்ல நிக்கறான். என்ன பண்றது? உக்காந்து சாப்பிடட்டும்னு விட்டுட்டேன்." சிரித்தார். "அன்னிக்கு எங்காத்துல கத்தரிக்கா கொழம்பு."

கார் வந்தது. ஏறிக்கொண்டார். ஜன்னல் வழியாக, "படம் பாத்தேளோ? முடிவு நன்னா மாத்திட்டான்!" என்றார்.

அந்த ஆள்மேல் எனக்கு வந்த இளப்பம் இன்றுவரை போகவில்லை. வக்கீலாவது படிக்காமல் கெடுத்தார். இவர் எழுதிவிட்டே தெரியாமல் இருந்தார். வீட்டுக்கு வந்து விளக்கேற்றி அந்த மூன்று பக்கத்தை இன்னொரு தரம் படித்தேன். அவர் சொன்னதைக் கேட்டபிறகு அவை வெறும் காகிதமாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. அவள் அதே நிதானத்தோடு மறு சோறு போட்டுக்கொண்டாள். ஒரு முட்டாள் பக்கம் நிரப்ப எழுதினதில்கூட ஒருத்தி உயிரோடு உட்கார்ந்துவிடலாம் என்று தெரிந்துகொண்டேன். இலக்கியத்தைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பில் சொல்லித்தராத விஷயம் அது.

வக்கீலின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். எல்லைத் தீர்ப்பு சில வருஷம் கழித்து வந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று. சத்தியவேடு வரதய்யபாளையமெல்லாம் இந்தப் பக்கம் வந்தன. சித்தூர், நகரி, புத்தூர் ஆந்திராவிலேயே நின்றன. ஆக நாயகியின் கிராமம் ஆந்திராவில் இருக்கிறது. அவள் முருகனைக் கும்பிட்ட சினிமாப் படிகள் மட்டும் மதராஸ் ராஜ்யத்துக்குப் போயின. அதற்குப் பிறகு நாவலைத் தெலுங்கில் மொழிபெயர்த்துத் திருப்பதியில் வெளியிட்டார்கள். நான் போயிருந்தேன். தலைமை நம் வக்கீல்தான். சுத்தமான தெலுங்கில், அதே மூன்று தலைப்புகளில், தெலுங்குப் பெண் எத்தனை துன்பம் வந்தாலும் கொண்டவனை விட்டு விலகாள் என்று நிரூபித்தார். முடிந்ததும் என்னைக் கண்டு, "பாகுன்னாரா அம்மா?" என்று தெலுங்கிலேயே நலம் விசாரித்துக் கைகூப்பினார். முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

கூட்டம் நடந்த மறுவாரமே என்மேல் புகார் போயிருந்தது. கையெழுத்து இல்லாத கடிதம். ஒழுக்கம் கெட்டவள், குடும்பப் பெண்களைக் கெடுக்கிறாள் என்று. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "நீங்க பாடத்தை மட்டும் பேசியிருக்கலாம்" என்றார்.

"நாவலைப் பற்றித்தானே பேசினேன்?"

"அதைத்தான் சொல்றேன். நாவலைப் பத்திப் பேசச் சொன்னா யாராவது நாவலைப் பத்திப் பேசுவாங்களா?"

அந்தம்மாள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தத்தோடு சொன்னார். மாதக் கடைசியில் காளஹஸ்திக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

காளஹஸ்தியில் சுவர்ணமுகி ஆற்றங்கரைத் தெருவில் ஓர் அறை கிடைத்தது. பள்ளியில் எட்டாவது படிக்கும் பதினொரு பெண்களுக்குத் தமிழ், மற்ற நேரமெல்லாம் தெலுங்கில் சரித்திரம். போய்ச் சேர்ந்து மூன்று வாரம் இருக்கும். அண்ணாவிடமிருந்து கடிதம் வந்தது. ஒன்பது வருஷத்தில் அவர் எனக்கு நேராக எழுதிய முதல் கடிதம். கவரைப் பிரித்தபோது உள்ளே ஒரு பத்திரிகைத் துண்டும் இருந்தது.

"சௌபாக்கியவதிக்கு ஆசீர்வாதம்" என்று ஆரம்பித்திருந்தார். "சித்தூரில் நீ பேசின பேச்சைப் பேப்பரில் படித்தேன். கண்ணில் ஜலம் வந்துவிட்டது. கோஷ்டியில் எல்லாரிடமும் காட்டினேன். உன் மனசு மாறியதில் பெருமாள் கிருபை தெரிகிறது. காஞ்சிபுரத்துக்கும் எழுதியிருக்கிறேன். ஆத்துக்கு வா. மன்னியும் எதிர்பார்க்கிறாள்."

துண்டை எடுத்துப் பார்த்தேன். சித்தூர் அச்சாபீஸில் அச்சாகும் வாரத்தாள். வக்கீல் எழுதிக்கொடுத்த நாலு பக்கமும் வரிக்கு வரி அதில் இருந்தது. மேலே என் பெயரும் பள்ளியின் பெயரும், "தமிழாசிரியை உருக்கமான பேச்சு" என்ற தலைப்பும். கூட்டத்துக்கு முன்பே அச்சுக் கோத்து வைத்துவிட்டார்கள். நடந்தது வேறு என்பதற்காகக் கோத்த எழுத்தைப் பிரித்துப்போட அச்சாபீஸ்காரருக்கு மனம் வரவில்லை. அதே தாளைத்தான் மகஜரோடு இணைப்பாகவும் வைத்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசில், ஏதோ ஒரு கட்டில், கொண்டவனை விட்டு விலகக்கூடாது என்று நான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்தேன். பொய் என்று சொல்லாமல் விட்டுவிட்டால் அண்ணா வீட்டுக் கதவு திறந்திருக்கும். மன்னி நடுவில் நிற்காமல் அவர் என்னோடு பேசுவார். ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். எனக்கு ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன். புது ஊரில் ஒற்றை அறையில் இருந்தேன். அண்ணாவுக்குப் பாசுரம் சேவிக்கும் குரல். சின்ன வயதில் அந்தக் குரலில்தான் நான் விழித்துக்கொள்வேன்.

ஆனால் அவர் கூப்பிட்டது என்னை இல்லை. வக்கீல் எழுதின ஒருத்தியை.

மூன்றாம் நாள் பள்ளிக்குப் போகிற வழியில் தபாலாபீசில் ஒரு கார்டு வாங்கி அங்கேயே நின்றுகொண்டு எழுதினேன். "அண்ணாவுக்கு நமஸ்காரம். பேப்பரில் வந்தது நான் பேசினது இல்லை. நான் பேசினது இதற்கு நேர் எதிர். காஞ்சிபுரத்துக்கு எழுதியிருந்தால் மறுபடி எழுதி இதைச் சொல்லிவிடவும். என் மனசு மாறவில்லை." மேலே எழுத இடமிருந்தும் அதற்குமேல் எழுதவில்லை.

அண்ணா பிற்பாடும் அதற்குப் பதில் போடவில்லை. நான் பெட்டியில் கார்டைப் போட்டுவிட்டு நடந்தேன். அன்றைக்கு முதல் வகுப்பு சரித்திரம், மணி அடித்துவிட்டிருந்தது.